ஈரோட்டு அச்சுக்கூடத்தில் மூண்ட கலகம்

1925ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி ஈரோட்டில் ஒரு வாரப் பத்திரிகை பிறந்தபோது, அதற்கு ஆசி கூறித் தொடங்கி வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் சுவாமிகள். வீரசைவ மடமொன்றின் அதிபரும், தமிழும் வடமொழியும் ஒருங்கே கற்றவரும், மணிக்கணக்கில் ஓயாது சொற்பொழிவாற்றும் வன்மையினால் அக்காலத்துச் சைவ உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடியவருமான அந்தத் துறவி திருநீற்றுக் கையால் தொடங்கி வைத்த பத்திரிகை, பத்து வருஷங்கள் திரும்புவதற்குள் மடங்களையும் மடாதிபதிகளையும் புராணங்களையும் தென்னாட்டில் வேறு எந்தப் பத்திரிகையும் தாக்கியிராத வேகத்தோடு தாக்கப் போகிறது என்பதை அன்று அங்கே கூடியிருந்தவர்கள் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். பத்திரிகையின் சொந்தக்காரரே எண்ணியிருப்பாரா என்பது சந்தேகந்தான். 'குடி அரசு' என்ற அந்தப் பத்திரிகை பிறக்கும்போது காங்கிரஸ் பத்திரிகை, கதர்ப் பத்திரிகை, காந்தியடிகளின் நிர்மாணத் திட்டத்தை நாட்டில் பரப்ப வந்த பத்திரிகை. அதன் ஆசிரியர், பின்னாளில் பெரியார் என்று அழைக்கப்பட்ட ஈ.வெ.ராமசாமி நாயக்கர், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றுத் திரிந்த காங்கிரஸ்காரர்.

ஒரு கட்சி தன் கொள்கையைப் பரப்பப் பத்திரிகை தொடங்குவது உலக வழக்கம். லெனின் 1900இல் 'இஸ்கரா'வைத் தொடங்கியபோது இன்ன கட்சியை இன்ன முறையில் கட்டப் போகிறோம் என்ற வரைபடம் அவர் மனத்தில் இருந்தது. 1789இல் மராட் 'மக்கள் நண்பன்' என்ற தம் பத்திரிகையைப் பாரிஸில் வெளியிட்டபோது பாஸ்டில் சிறை ஏற்கனவே தகர்க்கப்பட்டிருந்தது. ஈரோட்டில் நடந்தது இவ்விரண்டுக்கும் மாறானது. அங்கே முதலில் பத்திரிகை வந்தது. பத்திரிகை தன் ஆசிரியரைக் கட்சியிலிருந்து வெளியே இழுத்து வந்தது. அதற்குப் பின்னரே இயக்கம் வந்தது. சுயமரியாதை இயக்கத்தின் சரித்திரத்தை எழுதுவோர் அவர் காங்கிரஸை விட்டு வெளியேறிய காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டதால் இந்த வரிசை பலர் கண்ணில் படாமலே போய்விட்டது.

மேட்டூரை அடுத்த எங்கள் மேச்சேரியிலிருந்து பார்க்கிறவனுக்கு 1925ஆம் வருஷம் இன்னொரு விதத்திலும் விசேஷமான வருஷம். அந்த ஒரே வருஷத்தில், காவிரியை ஒட்டிய இந்தச் சிறு நிலப்பரப்புக்குள், மூன்று பெரிய காரியங்கள் தொடங்கின. பிப்ரவரி 6ஆம் தேதி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை அமைத்தார்; மே மாதத்தில் ஈரோட்டில் 'குடி அரசு' பிறந்தது; அதே வருஷத்தில் மேட்டூரில் அணைக்கட்டு வேலை ஆரம்பமாயிற்று. அந்த ஆசிரமத்தைத் திறந்து வைத்தவரே ஈ.வெ.ரா.தான் என்பதை இன்று சொன்னால் இரு தரப்பாரும் சற்றே நெளிவார்கள். சேலத்தில் வக்கீல் தொழிலும் நகரசபைத் தலைமையும் பார்த்த ராஜாஜியும், ஈரோட்டில் மண்டி வியாபாரமும் நகரசபைத் தலைமையும் பார்த்த ஈ.வெ.ரா.வும் அன்று ஆப்த நண்பர்கள். பின்னாளில் தமிழ்நாட்டு ராஜீய வாழ்வின் இரு துருவங்களாக நின்ற அவ்விருவரும் ஒரே ஆண்டில், ஒரு நாள் வண்டிப் பயணத் தூரத்துக்குள், தத்தம் ஆயுட்காலக் காரியத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். ஒருவர் ராட்டினத்தைக் கொண்டும், மற்றவர் ஈய எழுத்தைக் கொண்டும்.

அக்காலத்துக் கொந்தளிப்பைச் சற்று நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் ஒத்துழையாமையை ஊர்ஜிதம் செய்தது. அந்த மகாசபைக்குத் தலைமை வகித்தவர் சேலம் விஜயராகவாச்சாரியார். 1882ஆம் வருஷத்துச் சேலம் கலகத்தில் பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டுத் தண்டனை பெற்று, ஹைகோர்ட்டில் விடுதலையாகி, தம்மை வருத்திய சர்க்காரையே கோர்ட்டுக்கு இழுத்த அந்தக் கிழச் சிங்கம் காந்தியடிகளின் திட்டத்தை முழு மனத்தோடு ஏற்றவர் அல்லர். ஆயினும் அவர் தலைமையில்தான் அது நிறைவேறியது. அடுத்த வருஷம் கள்ளுக்கடை மறியல் மூண்டது. கள்ளிறக்க மரம் கொடுப்பதில்லை என்று மற்றவர்கள் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க, ஈ.வெ.ரா. சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னை மரங்களையும் வெட்டிச் சாய்த்தார். அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் ஈரோட்டு வீதியில் மறியலுக்கு நின்றார்கள். வியாபாரக் குடும்பத்துப் பெண்கள் வெளித்திண்ணையில் உட்காருவதே அபூர்வமாயிருந்த காலத்தில் அது எத்தகைய காரியம் என்பதை நம் பாட்டிமார்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் 1922 பிப்ரவரியில் சௌரிசௌராவில் போலீஸ் நிலையம் எரிந்தது. காந்தியடிகள் இயக்கத்தை நிறுத்தினார். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குள் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினார்கள். சட்டசபைக்குள் போவோம் என்றார்கள் சிலர்; ராட்டினமே போதும் என்றார்கள் சிலர். கோயமுத்தூர்ச் சிறையில் ஈ.வெ.ரா.வும் அவரோடிருந்த ஈரோட்டு வக்கீல் தங்கபெருமாள் பிள்ளையும், வெளியே போனதும் ஒரு பத்திரிகை நடத்துவது என்று முடிவு செய்தார்கள். பேச்சு ஒரு மைதானத்தோடு கரைந்து போகிறது, அச்சடித்த வார்த்தையோ மறுநாளும் கிடக்கிறது என்பதை மேடை மேடையாகப் பேசித் தொண்டை கட்டியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அவர்களுக்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. ராசிபுரத்தில் பிறந்து, சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் பேர் பெற்று, 'டாக்டர்' என்றே நாடெங்கும் அழைக்கப்பட்ட வரதராஜுலு நாயுடு 'தமிழ்நாடு' என்ற வாரப் பத்திரிகையைச் சேலத்திலிருந்து நடத்தி வந்தார். பேச்சுக்காகவும் எழுத்துக்காகவும் சிறை கண்டவர். 1918இல் மதுரையில் அவர் மீது நடந்த ராஜத்துரோக வழக்கில் அவருக்காக வாதாடியவர் ராஜாஜி. பிற்காலத்தில் சென்னைக்குப் பெயர்ந்து 'தமிழ்நாடு' நாளிதழாயிற்று. 1932இல் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' என்ற ஆங்கிலப் பத்திரிகையையும் அவரே ஆரம்பித்தார். இன்று அந்தப் பெயரைக் கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு ராசிபுரத்து வைத்தியர் நினைவுக்கு வருகிறார்? நாயுடு, நாயக்கர், முதலியார் என்று ஜனங்கள் ஒரே மூச்சில் சொன்ன மூவரில் முதல்வர் அவர். மூன்றாமவர் 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆசிரியர் திரு.வி.கலியாணசுந்தர முதலியார். மூவரும் பத்திராதிபர்கள் என்பது தற்செயலன்று. அக்காலத்தில் தலைவனென்று ஒருவனை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் சிறைவாசம் ஒன்றும் பத்திரிகை ஒன்றும் அவசியமாயிருந்தன.

சட்டத்தின் பக்கமிருந்தும் ஒரு சௌகரியம் கிட்டியது. இதை எவரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. 1910ஆம் வருஷத்து அச்சுச் சட்டத்தின்படி புதிதாகப் பத்திரிகை போட விரும்புகிறவன் சர்க்காரிடம் ஜாமீன் தொகை கட்ட வேண்டும். எழுதியது பிடிக்காவிட்டால் சர்க்கார் அந்தத் தொகையைப் பறிமுதல் செய்யும். மறுபடியும் எழுதினால் அச்சு யந்திரமே போய்விடும். அந்தச் சட்டம் 1922இல் ரத்தாயிற்று. 1930இல் அவசரச் சட்டமாகவும் 1931இல் நிலையான சட்டமாகவும் அந்தக் கத்தி திரும்பி வந்தது. இடைப்பட்ட எட்டு வருஷங்களில் பத்திரிகை தொடங்க, 1867ஆம் வருஷத்துச் சட்டப்படி மாஜிஸ்டிரேட்டின் முன்னிலையில், அச்சிடுபவன் நான், வெளியிடுபவன் நான், அச்சுக்கூடம் இன்ன இடத்தில் உள்ளது என்று வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டால் போதும். 'குடி அரசு' அந்த எட்டு வருஷ அவகாசத்தின் குழந்தை. ஐந்து வருஷம் பிந்திப் பிறந்திருந்தால் முதல் ஆண்டு மலரைக் கண்டிருக்குமா என்பது ஐயமே.

சென்னையை விட்டு ஈரோட்டில் ஏன்? சொந்த ஊர் என்ற பதில் பாதிதான் சரி. சென்னை ஹைகோர்ட்டும் சட்டசபையும் உள்ள நகரம். அங்கே பத்திரிகை நடத்துகிறவன் வக்கீல்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் எழுதுவான். ஈரோடு மஞ்சள், பருத்தி, எண்ணெய் வித்து மண்டிகளும் மாட்டுச் சந்தையும் உள்ள ஊர்; கணக்குத் தப்பினால் பிழைக்க முடியாத ஊர். அதோடு அது ரயில் சந்திப்பு. சென்னையிலிருந்து போத்தனூர் செல்லும் பாதையும் திருச்சிராப்பள்ளிப் பாதையும் அங்கே கூடுகின்றன. சனிக்கிழமை மாலை கட்டிய பத்திரிகைக் கட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் சேலத்திலும் மறு பக்கம் கோயமுத்தூரிலும் இன்னொரு பக்கம் கரூரிலும் இறங்கிவிடும். மண்டி வியாபாரியின் மகனுக்குச் சரக்கு எந்த வண்டியில் ஏற்றினால் எங்கே எப்போது இறங்கும் என்பதை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

உண்மை விளக்கம் என்பது ஈ.வெ.ரா.வின் அச்சுக்கூடத்தின் பெயர். அக்காலத்து அச்சுக்கூடம் என்றால் என்ன என்பதைக் கம்ப்யூட்டரில் தட்டினால் காகிதம் வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சற்று விவரித்தாக வேண்டும். சாய்வான மரப்பெட்டிகள், அவற்றுள் தேன்கூட்டைப் போல அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்தின் ஈய அச்சுகள். கம்பாசிட்டர் காலை முதல் மாலை வரை நின்றபடியே, இடக்கையில் ஸ்டிக்கைப் பிடித்து, கையெழுத்துப் பிரதியில் கண்ணும் அறைகளில் விரலுமாக ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக வரிகளைக் கோப்பார். வரிகளைச் சேர்த்துப் பக்கமாக்கி, நூலால் கட்டி, மை தடவி, புரூஃப் எடுத்து, பிழை திருத்தி, பாரத்தை யந்திரத்தில் ஏற்றி அடித்து முடிந்ததும், மறுநாள் அத்தனை எழுத்தையும் பிரித்துப் பழையபடி அதனதன் அறையில் போட வேண்டும். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்தின் பெரிதும் சிறிதுமாக ஒரு ஜோடிப் பெட்டி போதும். தமிழுக்கோ உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாக அறைகள் பெருகிக்கொண்டே போகும். கா, சா, தா என்று வரும்போது காலைத் தனியாகக் கோத்துக்கொள்ளலாம். ஆனால் ணா, றா, னா என்ற மூன்றும் அந்நாளில் சுழித்து எழுதும் தனி வடிவங்கள். ணை, லை, ளை, னை என்ற நான்கும் தும்பிக்கை தூக்கிய தனி வடிவங்கள். ஒகர ஓகார வரிசையிலும் இதே தொல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி அறை, தனிச் செலவு.

'குடி அரசு' 1935இல் இந்த வடிவங்களைக் கைவிட்டு, மற்ற எழுத்துகளுக்குள்ள கால், இணைக்கொம்பு முறையையே இவற்றுக்கும் பயன்படுத்தத் தொடங்கியது. புலவர்கள் சீறினார்கள், தமிழ்த்தாயின் உறுப்பை அறுத்தான் என்று வைதார்கள். மாற்றத்தை முன்வைத்தவரோ தொல்காப்பியத்தை எடுத்துப் பேசவில்லை. அச்சுப்பெட்டியில் இத்தனை அறை குறையும், படிக்கிற பிள்ளைக்கு இத்தனை சிரமம் குறையும் என்று கடைக்கணக்காகவே பேசினார். பதின்மூன்று எழுத்துகளில் அந்த மாற்றத்தை 1978இல் அரசாங்கமே ஏற்று ஆணை பிறப்பித்தது. இந்தக் கட்டுரையை வாசகர் படிக்கும் எழுத்து அந்த ஈரோட்டுப் பெட்டியிலிருந்து வந்த எழுத்தே. அவரை ஏசி எழுதுகிறவர்களும் அதே எழுத்தில்தான் ஏச வேண்டியிருக்கிறது.

இனி, பத்திரிகை தன் ஆசிரியரை இழுத்து வந்த கதைக்கு வருவோம். 1925ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரஸை ஆட்டி வைத்த விஷயம் திருநெல்வேலி ஜில்லா சேரன்மாதேவியில் வ.வே.சு.ஐயர் நடத்திய குருகுலம். தேசியக் கல்வி தருவதற்காக, ஜாதி வித்தியாசமின்றி ஜனங்களிடம் பணம் திரட்டி நடத்தப்பட்ட அந்த ஸ்தாபனத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது என்ற செய்தி வெளியாயிற்று. காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரத்தைக் கொடுத்திருந்தது. மீதி ஐயாயிரத்தைத் தர முடியாது என்று நிறுத்தினார் கமிட்டியில் பொறுப்பு வகித்த ஈ.வெ.ரா. நாயுடுவின் 'தமிழ்நாடு' இந்த விவகாரத்தை வாராவாரம் நெருப்பாக எழுதியது. புதிதாகப் பிறந்த 'குடி அரசு'ம் சேர்ந்துகொண்டது. காந்தியடிகள் வரை விவகாரம் போயிற்று, சமரசம் ஏற்படவில்லை. ஜூன் 3ஆம் தேதி பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்றப் பாய்ந்த ஐயர் வெள்ளத்தில் மாண்டார். லண்டனில் புரட்சிக்காரர்களோடு பழகி, வெள்ளையர் பிடியிலிருந்து மாறுவேஷத்தில் தப்பிப் புதுவை வந்து சேர்ந்த அந்த மாவீரரின் இறுதி மாதங்கள் இந்தச் சர்ச்சையின் கசப்பில் கழிந்ததை நினைக்கும்போது எவர் பக்கம் நியாயம் என்று கருதுகிறவனுக்கும் மனம் கனக்கத்தான் செய்யும். ஆயினும் கேள்வி தவறான கேள்வியன்று. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் ஒரே வயதுப் பிள்ளைகள் ஏன் இரு பந்தியில் உட்கார வேண்டும் என்பதற்கு அன்று எவரும் நேரான பதில் தரவில்லை.

இதற்கிடையில் வைக்கம் இருந்தது. திருவாங்கூர்ச் சமஸ்தானத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஈழவர் முதலியோர் நடக்கக் கூடாதென்ற தடையை எதிர்த்து 1924 மார்ச்சில் மூண்ட சத்தியாக்கிரகத்தில், தலைவர்கள் சிறைப்பட்ட சந்தர்ப்பத்தில் போய்ச் சேர்ந்து, இருமுறை சிறை சென்று திரும்பியவர் ஈ.வெ.ரா. வைக்கத்துத் தெருவில் எதிர்த்ததைச் சேரன்மாதேவிப் பந்தியில் எப்படிப் பொறுப்பது? மேடையில் பேசுகிறவன் ஊருக்கு ஊர் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். வாரந்தோறும் தலையங்கம் எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. போன வாரம் எழுதியது இந்த வாரம் அவன் முன்னே வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1925 மே முதல் நவம்பர் வரையிலான 'குடி அரசு' இதழ்களை வரிசையாகப் படிக்கிறவர்கள் இதைக் கண்கூடாகக் காணலாம். கதர் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம். காந்தியடிகளுக்கு வந்தனம் கூறும் பத்தியை அடுத்து வருணாசிரமத்தைப் பற்றி அவரிடமே கேள்வி. ஒரு மனிதன் தன்னோடு தானே வழக்காடுவதை அச்சில் பார்க்கும் அனுபவம் அது.

நவம்பர் 21, 22ஆம் தேதிகளில் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாகாண மாநாடு கூடியது. தலைவர் திரு.வி.க. உத்தியோகங்களிலும் ஜனப்பிரதிநிதி சபைகளிலும் வகுப்புவாரி இடம் வேண்டுமென்ற தீர்மானத்தைத் தலைவர் அனுமதிக்கவில்லை. காங்கிரஸை ஒழிப்பதே இனி என் வேலை என்ற சபதத்தோடு ஈ.வெ.ரா. வெளியேறினார். வெளியேறியவர் கையில் கட்சி இல்லை. பணம் திரட்டும் சங்கம் இல்லை. ஏழு மாதக் குழந்தையான பத்திரிகை ஒன்றுதான் இருந்தது. கட்சியை விட்டு விலகியவர்கள் அறிக்கை விட்டு அடங்கிப்போவது சகஜம். இவர் அடுத்த வாரமும் தலையங்கம் எழுதினார்.

அந்தத் தலையங்கங்களின் நடையைப் பற்றி ஒரு வார்த்தை. இலக்கண சுத்தம் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வாக்கியம் நீளும், வளையும், இடையில் ஒரு கணக்கைச் சொல்லும், எதிராளி சொல்லக்கூடிய சமாதானத்தைத் தானே எடுத்துச் சொல்லி மறுக்கும், ஒருவழியாக மூச்சு வாங்கி நிற்கும். சந்தையில் விலை பேசுகிறவனின் தர்க்கம் அது. பேரம் படிகிற வரை விடாது. 'சித்திரபுத்திரன்' என்ற புனைபெயரில் அவரே எழுதிய உரையாடல்களும் நையாண்டிகளும் இன்றும் சிரிப்பூட்டுகின்றன. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதும், கடுமை சில இடங்களில் நிதானத்தை மீறுவதும், ஒரு வகுப்பாரின் குறையை அவ்வகுப்பில் பிறந்த ஒவ்வொருவர் தலையிலும் கட்டுவதும் அவ்வெழுத்தின் குற்றங்கள். அவற்றை மறைத்துப் புகழ்வது, எதையும் மறைக்காமல் எழுதிய ஒருவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எங்கள் மேச்சேரி, ஜலகண்டபுரம் வட்டாரத்துக்கு அந்த எழுத்து எப்படி வந்து சேர்ந்தது? இவை நெசவாளர் ஊர்கள். ஆடு வளர்ப்போர் ஊர்கள். பத்ரகாளியம்மன் பண்டிகைக்கு ஜனம் திரளும் ஊர்கள். தறிக்குழியில் கால் மிதியிலும் கை நாடாவிலுமாக உட்கார்ந்திருக்கிறவனுக்குக் காது மட்டுமே காலியாயிருக்கிறது. படிக்கத் தெரிந்த பையன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தால், வரிசையாக நான்கு தறிகளுக்குச் செய்தி போய்விடும். எழுத்தறியாதவர்களின் நாட்டில் ஒரு பத்திரிகையின் பலத்தை அதன் விற்பனையைக் கொண்டு அளப்பது பொருந்தாது. படிப்பவன் ஒருவன், கேட்பவன் பத்துப் பேர். 1920களின் இறுதியில் 'குடி அரசு' பத்தாயிரம் படிகளை எட்டியது என்றால் அதைக் கேட்டவர்களின் தொகையை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதே காலத்தில் மேட்டூர் அணைக்கட்டில் பல ஜில்லாக்களிலிருந்தும் கூலியாட்கள் வந்து குவிந்தார்கள். கல்லுடைக்கிற இடத்தில் ஜாதிப் பிரிவினையைக் காப்பாற்றுவது கிராமத்தில் காப்பாற்றுவதைப் போல எளிதன்று. அந்த மண்ணில் 'குடி அரசு'ப் பேச்சு வேர் விட்டதில் ஆச்சரியம் இல்லை. பின்னாளில் திராவிட இயக்க நாடகாசிரியராகப் பேர் பெற்ற ப.கண்ணன் ஊர்ப் பெயரையே முன்னொட்டாகக் கொண்டு ஜலகண்டபுரம் ப.கண்ணன் என அறியப்பட்டார்.

எதிர்த்தரப்புப் பத்திரிகையையும் ஒரு கணம் நோக்குவோம். புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து 1929இல் ராஜாஜி மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஆசிரமவாசியாயிருந்த கல்கி அதில் உழைத்தார். மொழி தெளிந்த நீரோடை. கதையும் சித்திரமும் உண்டு. ஒருவரையும் நோகச் செய்யாது. பத்து இதழ்களோடு உப்புச் சத்தியாக்கிரக வேகத்தில் அது நின்றுபோயிற்று. தமிழ் உரைநடைக்கு அந்தச் சிறு பத்திரிகை பயிற்றுவித்துத் தந்த கல்கி ஒருவரே போதும் அதன் பெருமைக்கு. ஆனால் வாழ்வை மாற்று என்று வாசகனை வாரந்தோறும் தொல்லைப்படுத்தும் பிடிவாதம் ஈரோட்டில்தான் இருந்தது.

பிந்தைய சம்பவங்கள் பலரும் அறிந்தவை. 1927 டிசம்பர் 25ஆம் தேதி இதழ் முதல் ஆசிரியர் தம் பெயரிலிருந்த ஜாதிப் பட்டத்தை நீக்கினார். 1931 மார்ச் 29ஆம் தேதி, பகத்சிங் தூக்கிலிடப்பட்ட ஆறாம் நாள், அவரைப் பற்றித் தலையங்கம் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் தொடராக வெளிவரத் தொடங்கியது. சிங்காரவேலர் விஞ்ஞானமும் சமதர்மமும் எழுதினார். ஆசிரியர் ரஷ்யாவும் ஐரோப்பாவும் சுற்றி வந்தார். 1933 அக்டோபர் 29ஆம் தேதி, இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்டெழுதிய தலையங்கத்துக்காக ராஜத்துரோக வழக்கு வந்தது. மாஜிஸ்டிரேட் முன்னிலையில் கொடுத்த அந்த வாக்குமூலத்தில் வெளியிடுபவர் என்ற இடத்தில் இருந்த பெயர் கண்ணம்மாள். ஆகவே அண்ணனோடு தங்கையும் சிறை சென்றார். சர்க்கார் ஜாமீன் கேட்டு 'குடி அரசை' முடக்கியபோது 'புரட்சி' என்ற பெயரில் அது வந்தது; அதையும் நெருக்கியபோது 'பகுத்தறிவு' என்ற பெயரில் வந்தது; 1935இல் பழைய பெயரே திரும்பிற்று. எழுத்தும் அச்சுக்கூடமும் ஆட்களும் அவையே. கோட்டையில் உட்கார்ந்து சுதேசப் பத்திரிகைகளை வாராவாரம் மொழிபெயர்த்து ரகசிய அறிக்கை தயாரித்த சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு, தலைப்பு மாறினாலும் நடையைக் கொண்டு ஆளை அடையாளம் காண வெகு நேரம் ஆகியிராது.

அந்த அச்சுக்கூடம் பலருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. காஞ்சிபுரத்து அண்ணாதுரை ஈரோட்டில் துணையாசிரியராக இருந்து எழுதினார். 1940களில் திருவாரூரிலிருந்து வந்த கருணாநிதி அங்கே வேலை செய்தார். இருவரும் பிற்காலத்தில் முதலமைச்சர்கள். ஜீவானந்தம் மொழிபெயர்த்த பகத்சிங்கின் நாத்திக நூல் அந்த வெளியீட்டகத்தின் வழியாகவே தமிழுக்கு வந்தது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிய 1944 ஆகஸ்ட் மாநாடும் நம் சேலத்தில்தான் நடந்தது. 'விடுதலை' நாளிதழ் காலூன்றிய பின்னர் வாரப் பத்திரிகையின் அவசியம் குறைந்தது. 1949இல் 'குடி அரசு' நின்றது.

நின்ற பிறகும் அதன் வழக்கு நிற்கவில்லை. பழைய இதழ்களில் உள்ள எழுத்துகளைத் தொகுத்துப் புத்தகமாக்க ஓர் அமைப்பு முற்பட்டபோது, அவற்றின் உரிமை எங்களுடையது என்று பெரியார் சுயமரியாதைப் பிரசார நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2009இல் நீதிபதி சந்துரு அந்தத் தடைக் கோரிக்கையை மறுத்தார். மறு வருஷமே தொகுதிகள் அச்சேறின. 1925ஆம் வருஷத்துக்கான முதல் தொகுதியைப் படிக்கிறவர்கள் பின்னால் வரப் போவதை முன்னே ஏற்றிப் படிக்காமல், மே மாதத்திலிருந்து வாரம் வாரமாகப் படித்தால், ஞானியார் சுவாமிகளை அழைத்த மனிதரையும் காஞ்சிபுரத்தில் எழுந்து வெளியேறிய மனிதரையும் ஒருசேரக் காண்பார்கள்.